இவானோவின் கூடம்: புடாபெஸ்ட் நாட்குறிப்பு

வியாழன்

வியன்னாவில் ஏறிய ரயில் சுமார் மூன்று மணி நேரத்தில் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் கொண்டுவந்து விட்டது. நிலையத்துக்கு வெளியே 7ஆம் எண் பஸ் நிற்கிறது. அதில் ஏறி ஃபெரென்ட்சியெக் சதுக்கத்தில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே நேராகப் பெட்டோஃபி ஷாண்டோர் தெருவுக்குப் போனேன். தங்கும் அறைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். நாளை இரவு நடக்கும் ருஷ்ய எழுத்தாளர் செகாவின் 'இவானோவ்' நாடகத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டால் இந்தப் பயணத்துக்கே பொருள் இல்லை.

கடோனா யோஷெஃப் நாடக அரங்கு தெருவின் மற்றக் கட்டடங்களோடு கட்டடமாக நிற்கிறது. கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் கவனிக்காமல் தாண்டிவிடுவார். உள்ளேயும் அது சிறிய அரங்குதான். ஐரோப்பிய நாடகத்தில் இதற்கு இருக்கும் மரியாதையைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள், இந்த வாசலா அது என்று ஒரு கணம் தயங்கத்தான் செய்வார்கள். ஹங்கேரிய நாடகத்தின் முன்னோடிகளில் ஒருவரான கடோனா யோஷெஃபின் (1791–1830) பெயரைத் தாங்கிய அரங்கு. தேசிய நாடக அரங்கின் சிறிய கிளை மேடையாக நெடுங்காலம் இருந்து, 1982இல் தனி நிறுவனமானது.

அந்தத் தனிக்குடித்தனத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1978இல் காபோர் ஸேக்கெய், காபோர் ஷாம்பேகி என்ற இரண்டு இளம் இயக்குநர்களைத் தேசிய அரங்குக்குப் பொறுப்பாக அழைத்து வந்தார்கள். ஒருவர் சோல்நோக் நகரிலிருந்தும் மற்றவர் கபோஷ்வார் நகரிலிருந்தும் வந்தவர்கள். அந்த ஊர்களில் அவர்கள் செய்து காட்டிய வேலைதான் அவர்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. நான்கே ஆண்டுகளில் அவர்கள் தேசிய அரங்கிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. இந்தச் சிறிய மேடையைத் தனியாகக் கொடுத்து அனுப்பினார்கள். பின்னாலேயே நடிகர்கள் பலரும் வந்தார்கள். ஒதுக்குவதற்காகக் கொடுத்த இடம் சில ஆண்டுகளிலேயே நாட்டின் மிக முக்கியமான மேடையாகிவிட்டது.

டிக்கெட் கிடைத்தது, ஓர் ஓரத்து இருக்கை. கவுன்டரில் இருந்த பெண் இந்த மாத நிகழ்ச்சி நிரலையும் கையில் கொடுத்தார். அதைப் பார்த்தாலே இங்கே நாடகம் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் வேறு வேறு நாடகம் போட்டிருக்கிறது. ஒரு நாடகத்தை இரண்டு மாதம் தொடர்ந்து ஓட்டிவிட்டு மூட்டை கட்டுகிற வழக்கம் இங்கே இல்லை. நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் நிரந்தரக் குழுவினர். இன்று இளவரசனாக நிற்பவர் நாளை மூன்று வரி பேசும் வேலைக்காரனாக வருவார். பார்வையாளர்கள் விரும்பும்வரை ஒரு தயாரிப்பு மாதத்தில் சில நாட்கள் வீதம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். நடிகருக்கு வயதாகும்போது அந்தப் பாத்திரத்துக்கும் வயதாகும். நான் பார்க்கப்போகும் 'இவானோவ்' அப்படி வளர்ந்த ஒன்று. தமாஷ் ஆஷர் இயக்கத்தில் 2004இல் முதலில் மேடையேறி, 2009இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் விழா வரை போய்வந்தது.

நம்மில் பலருக்கு ருஷ்ய இலக்கியம் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்களாக வந்தது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆசையாக வாங்கிப் படித்தோம். ஹங்கேரிக்கு ருஷ்யா வந்த வழி வேறு. 1949இலிருந்து பள்ளியில் ருஷ்ய மொழி கட்டாயப் பாடம். அதே ஆண்டில் நாடக அரங்குகளெல்லாம் அரசுடைமை. 1956 நவம்பரில், மக்கள் எழுச்சியை நசுக்க வந்த சோவியத் டாங்கிகள் இந்தத் தெருக்களிலேயே ஓடின. இத்தனைக்கும் பிறகு ஹங்கேரிய மேடை செகாவை விடவில்லை. விடாததோடு, உலகில் செகாவை மிக நன்றாக நடிக்கும் இடங்களில் ஒன்றாகவும் இந்த ஊர் ஆகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

வெள்ளி

காலையில் டோஹான் தெரு யூத ஆலயத்துக்குப் போனேன். நாடகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 'இவானோவ்' படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முப்பத்தைந்து வயது நிலக்கிழார் இவானோவ். ஒரு காலத்தில் ஊரே வியந்து பார்த்த மனிதர். விவசாயத்தை மாற்றப்போகிறேன், பள்ளிக்கூடம் கட்டப்போகிறேன் என்று ஓடியவர். இப்போது கடன் தலைக்கு மேல் நிற்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை. மனைவி அன்னா பெத்ரோவ்னா காச நோயில் செத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் சாரா. யூதப் பெண். இவானோவைக் காதலித்து மதம் மாறி வந்தவள். அதோடு பெற்றோர் தலைமுழுகிவிட்டார்கள், சீதனமும் கிடைக்கவில்லை. பணத்துக்காகக் கட்டினான், ஏமாந்தான் என்று ஊர் பேசுகிறது. இவானோவுக்கோ அவள் மேல் இருந்த காதல் எப்போது வற்றியது, ஏன் வற்றியது என்பதே தெரியவில்லை. மாலையானால் அவளைத் தனியே விட்டுவிட்டு நண்பர் லெபெதெவ் வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கே லெபெதெவின் மகள் சாஷா இருக்கிறாள், இவரைக் காப்பாற்றப்போகிறேன் என்ற வேகத்தோடு.

சாரா என்ற பெயரை புடாபெஸ்டில் கேட்பது வேறு விதமானது என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதனால்தான் காலையில் அங்கே போனேன். 1859இல் கட்டி முடித்த ஆலயம், ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. சுமார் மூவாயிரம் பேர் உட்காரலாம். பக்கத்துத் தோட்டத்தில், 1944–45 குளிர்காலத்தில், நாஜிகள் காலத்து யூதர் குடியிருப்பின் சுற்றுச் சுவருக்குள் அடைத்து வைக்கப்பட்டு இறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். யூத வழக்கத்தில் ஆலயத்தை ஒட்டிப் புதைப்பதில்லை. எடுத்துப் போக வழியில்லாததால் அங்கேயே புதைத்தார்கள். பின்புறத்தில் இம்ரே வர்கா செய்த உலோக மரம் ஒன்று நிற்கிறது, அழும் வில்லோ மரத்தின் வடிவில். இலைகளில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். காற்று அடித்தால் அவை ஒன்றோடொன்று உரசுகின்றன. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

மாலை ஆறரைக்கெல்லாம் அரங்கில் இருந்தேன். இங்கே மேல்கோட்டைக் கழற்றி உடுப்பறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதை யாரும் விரும்புவதில்லை. சிற்றுண்டிப் பகுதியில் பொகாச்சா என்ற உப்பு ரொட்டியும், திராட்சை மதுவில் சோடா கலந்த பானமும் ஓடிக்கொண்டிருந்தன. பலரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்போல் தலையசைத்துக்கொண்டார்கள். அன்று மேடைக்கு மேல் மொழிபெயர்ப்பு எதுவும் ஓடவில்லை. நாடகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

விளக்கு எரிந்தது.

செகாவ் எழுதிய முதல் காட்சி இவானோவின் தோட்டத்தில். மாலை நேரம், மேசையருகே அவர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், வீட்டுக்குள்ளிருந்து செல்லோவும் பியானோவும் கேட்கின்றன. ஷோல்ட் கெல் அமைத்த மேடையில் தோட்டமும் இல்லை, பிர்ச் மரமும் இல்லை, சமோவாரும் இல்லை. இருந்தது ஒரு பெரிய கூடம். அழுக்கேறிய சுவர்கள், நிறம் செத்த கதவுகள், வீட்டுக்குள் நிற்கிறோமா அலுவலகத்துக்குள் நிற்கிறோமா என்று சொல்ல முடியாத வெறுமை. உடைகளும் 1880களின் உடைகள் இல்லை. 1960களையும் 70களையும் சேர்ந்த, கம்யூனிஸ்ட் காலத்து மலிவுக் கோட்டுகளும் கவுன்களும். நான்கு அங்கங்களுக்கும் இந்த ஒரே கூடம்தான். இவானோவின் வீடும் இதுவே, லெபெதெவ் வீட்டு விருந்தும் இதுவே, கடைசியில் கல்யாணமும் இதற்குள்ளேதான். எங்கே போனாலும் அதே சுவர். வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் இவானோவ் வந்து சேர்வதும் இதே கூடத்துக்குத்தான். அதைக் கண்ணால் பார்த்தபோது, அவருடைய சலிப்பை விளக்க ஒரு வசனமும் தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

இரண்டாம் அங்கத்தில் லெபெதெவ் வீட்டு விருந்து. சாஷாவின் பிறந்தநாள். லெபெதெவின் மனைவி ஜினாயிதா வட்டிக்குப் பணம் கொடுப்பவள். இவானோவே அவளுக்கு 9,000 ரூபிள் கடன்காரர். விருந்தாளிகளுக்கு அவள் வீட்டில் தருவது கூஸ்பெரி ஜாம், மறுபடியும் கூஸ்பெரி ஜாம். ஆட்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச ஒன்றும் இல்லை. ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். சீட்டாட்டப் பைத்தியமான கோசிக் தன் கைக்கு என்ன சீட்டு வந்தது என்று கேட்பாரில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மொழி தெரியாது, ஆனாலும் சிரித்தேன். ஒரு குழுவாகப் பல ஆண்டுகள் ஒன்றாக நடித்தவர்களால் மட்டுமே இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்க முடியும். மூலையில் ஒரு வார்த்தையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பார்த்தார். உள்ளே எதுவும் புதிதாக வந்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். அந்தக் கைப்பையை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துணைப் பாத்திரத்துக்கு அவ்வளவு முழுமையான மாலைப்பொழுதை யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இடைவேளையில் பக்கத்து இருக்கை அம்மாளோடு பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆங்கிலம் நிதானமாகப் பேசினார். இந்தத் தயாரிப்பை முன்பே பார்த்திருக்கிறாராம். எதற்காக மறுபடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கூடம் எங்கள் ஊர்ப் பண்பாட்டு இல்லம். அங்கேதான் என் கல்யாணச் சாப்பாடு நடந்தது. மே தினக் கூட்டமும் அங்கேதான், துணிக் கண்காட்சியும் அங்கேதான். சுவரின் அந்த நிறத்தைப் பாருங்கள், நாடு முழுக்க அதே நிறம்தான்."

ருஷ்ய மொழி படித்தீர்களா என்று கேட்டேன். பள்ளியில் ஆண்டுக்கணக்கில் படித்ததாகவும், ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை என்றும் சொன்னார். "மனதில் ஏறக் கூடாது என்று நாங்களே ஒரு பிடிவாதத்தோடு படித்தோம். செகாவை மட்டும் யாரும் அவர்களுடைய ஆளாக நினைக்கவில்லை." 1985இல் இதே அரங்கில் இதே ஆஷர் இயக்கிய 'மூன்று சகோதரிகள்' நாடகத்தையும் அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குரல் இளகிவிட்டது. அந்தத் தயாரிப்புதான் இந்த அரங்கின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. மணி அடித்துவிட்டதால் பாதிப் பேச்சில் உள்ளே போனோம்.

மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சிக்காகத்தான் நான் காத்திருந்தேன், பயந்துகொண்டும் இருந்தேன். சாஷா இவானோவைத் தேடி அவர் வீட்டுக்கே வந்துவிட்டுப் போகிறாள். அன்னா அதைப் பார்த்துவிடுகிறாள். இத்தனை நாள் பொறுத்திருந்தவள் இப்போது கேட்கிறாள்: என்னை ஏமாற்றினாய், கடனைக் கொடுக்காமலிருக்க அவளை வளைக்கிறாய், ஒரு நாளும் நீ என்னை நேசித்ததில்லை. எல்லாம் ஊர் பேசுகிற பேச்சு. அது பொய்யென்று இவானோவுக்குத் தெரியும். பொய் என்பதாலேயே வெறி தலைக்கேறுகிறது. வாயை மூடு, யூதச்சி என்று கத்துகிறார்.

இவானோவாக நடித்த எர்னோ ஃபெகெதெ அந்த வசனத்தைச் சொன்ன பிறகு அரங்கில் ஒருவரும் அசையவில்லை. சற்றுமுன்வரை கைப்பையைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். செகாவ் எழுதிய 1887இல் அது ஒரு கணவனின் வாயிலிருந்து வந்த இழிசொல். காலையில் நான் பெயர்களைப் படித்த தோட்டத்திலிருந்து இந்த அரங்கு பத்து நிமிட நடை. அதே போர்க்காலத்தில் டன்யூப் கரையில் சுட்டுத் தள்ளப்பட்ட யூதர்களின் நினைவாக அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள் வைத்திருப்பதும் இதே நகரத்தில்தான். மேடையில் நின்று அதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. இரண்டரை மணி நேரமாக நாம் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த மனிதர், படித்தவர், நாகரிகமானவர், அவளை மெய்யாகவே காதலித்து மணந்தவர். அப்படிப்பட்டவரின் வாயில் அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வந்து நிற்கிறது!

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அவள் அடங்கவில்லை. அப்போது அவர் சொல்கிறார்: நீ சீக்கிரம் சாகப்போகிறாய், டாக்டர் சொல்லிவிட்டார். அன்னா உட்கார்ந்துவிடுகிறாள். கேட்பது ஒரே கேள்வி: "எப்போது சொன்னார்?"

கதறலும் சாபமும் இல்லாமல் தேதியைக் கேட்கிறாள். தன்னிடம் மறைத்து எத்தனை நாளாக இவர்கள் எல்லோரும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறாள். செகாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. டாக்டர் தொழிலில் இருந்தவர். நோயாளிகள் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் அங்கம் ஓராண்டு கழித்து. அன்னா இறந்துவிட்டாள். இவானோவுக்கும் சாஷாவுக்கும் கல்யாணம். அதே கூடம், இப்போது அலங்காரத்தோடு. முடிவை ஆஷர் எப்படிக் கையாண்டார் என்பதை இனிப் பார்க்கப்போகிறவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

கைதட்டல் முதலில் கலைந்து கிடந்தது, பிறகு மெல்ல மெல்ல ஒரே தாளத்துக்கு வந்தது. ஹங்கேரிய அரங்குகளில் பிடித்துப்போன நாடகத்துக்கு இப்படித்தான் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான கைகள் ஒரே அடியாக விழும்போது தரை அதிர்கிறது. நடிகர்கள் வந்து வணங்கிப் போக, மறுபடி மறுபடி அழைத்தார்கள். கைப்பைப் பெண்மணிக்கும் இவானோவுக்கும் ஒரே வரிசையில் ஒரே வணக்கம்.

சனி

இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் மெமென்டோ பூங்காவுக்குப் போனேன். 1989க்குப் பிறகு தெருக்களிலிருந்து அகற்றிய சிலைகளை உடைக்காமல் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1993இல் திறந்தது. லெனின், 1919இல் ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குத் தலைமை தாங்கிய பேலா குன், கொடியை ஏந்தி ஓடும் வீரர்கள். 1956 அக்டோபர் 23 இரவில் மக்கள் அறுத்துத் தள்ளிய ஸ்டாலின் சிலையின் மிச்சமான பூட்ஸ் மட்டும், மறுவார்ப்பாக ஒரு மேடை மேல் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எனக்கு மனம் ஒட்டவில்லை. இங்கே நிற்கிற சிலைகளெல்லாம் வெளியிலிருந்து வந்த அதிகாரத்தின் சிலைகள். அவற்றை ஊருக்கு வெளியே தள்ளி வேலி போட்டுவிடலாம். நேற்று மேடையில் பார்த்த கூடத்தை அப்படித் தள்ள முடியாது. அதில் சோவியத் அதிகாரி ஒருவர்கூட வரவில்லை. ஒரு போஸ்டர் இல்லை, கொடி இல்லை. இருந்தவர்களெல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள். ஒருவரையொருவர் சலிக்கச் சலிக்கத் தெரிந்தவர்கள், வதந்தி பேசுகிறவர்கள், கடன் கொடுக்கிறவர்கள், ஜாம் சாப்பிடுகிறவர்கள். மாஸ்கோவைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள ஆஷர் தன் பார்வையாளர்களுக்கு வழியே வைக்கவில்லை. ருஷ்ய நாடகம் ஒன்றை எடுத்து, ருஷ்யாவின் பிடியில் இருந்த காலத்துக் கூடத்துக்குள் வைத்துவிட்டு, உள்ளே முழுக்க முழுக்க ஹங்கேரியர்களை உட்கார வைத்திருக்கிறார். 1956க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் தலைவர் யானோஷ் காடார் ஆட்சியின் முப்பது ஆண்டுகளைப் பற்றி நான் படித்த எதுவும் அந்தக் காலத்தின் சோர்வை இவ்வளவு அருகில் கொண்டுவந்ததில்லை.

பழைய நாடகத்துக்குப் புது உடை மாட்டும் தயாரிப்புகள் எத்தனையோ வருகின்றன. கைப்பேசியைக் கொடுப்பார்கள், ஜீன்ஸ் போட்டு விடுவார்கள். உடை மாறியிருக்கும், உள்ளே எதுவும் மாறியிருக்காது. ஆஷர் செய்தது அந்த ரகம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கூடத்தை எடுத்துவிட்டால் இந்த 'இவானோவ்' இல்லை.

ஞாயிறு

மழை. அறையிலேயே உட்கார்ந்து செகாவின் கடிதங்களைப் படித்தேன்.

'இவானோவ்' பிறந்த கதையே தனி. மாஸ்கோவில் நாடகக் கொட்டகை வைத்திருந்த கோர்ஷ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏறக்குறைய பத்து நாளில் எழுதிக் கொடுத்த நாடகம். 1887 நவம்பர் 19 அன்று முதல் காட்சி. பத்து ஒத்திகை நடத்துவதாகச் சொல்லிவிட்டு நான்குதான் நடத்தினார்கள். அதிலும் இரண்டில் நடிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்களே தவிர வேறு வேலை நடக்கவில்லை என்று அண்ணனுக்கு எழுதுகிறார் செகாவ். இவானோவாக நடித்த தாவிதோவும் இன்னொருவரும் தவிர யாருக்கும் பாடம் தெரியாதாம். கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளைத் தோழர்களாக வந்தவர்கள் குடித்திருந்தார்கள். பார்வையாளர்களில் ஒரு பாதி கைதட்ட, ஒரு பாதி சீறியிருக்கிறது.

அப்போது அதற்கு நகைச்சுவை நாடகம் என்றுதான் பெயர். முதல் வடிவத்தில் இவானோவ் கல்யாணம் முடிந்த கையோடு யாரும் கவனிக்காமல் உட்கார்ந்தபடியே செத்துப்போகிறார். பீட்டர்ஸ்பர்கின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்குக்காகத் திருத்தி எழுதியபோது அதைத் துயர நாடகமாக மாற்றினார். இவானோவ் ஓரமாக ஓடிப்போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். 1889 ஜனவரியில் அந்த வடிவம் மேடையேறிப் பெரும் வெற்றி பெற்றது. உலகம் பெரும்பாலும் நடிப்பது இதைத்தான். எனக்கு எப்போதும் முதல் முடிவின் மேல்தான் ஆசை. துப்பாக்கி வெடித்தால் அந்த மனிதருக்கு ஒரு பெரிய தருணம் கிடைத்துவிடுகிறது. அவருடைய கஷ்டமே அப்படியொரு தருணம் வாழ்க்கையில் வாய்க்காததுதான்.

1888 டிசம்பர் 30 அன்று நண்பர் சுவோரினுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து வைத்து விளக்குகிறார். இளமையில் எல்லாச் சுமையையும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, முப்பது தாண்டியதும் களைத்து விழும் படித்த ருஷ்யரின் மனநிலையைக் காட்ட, கடிதத்திலேயே கோட்டுப்படம் போட்டிருக்கிறார். ஏறி இறங்கும் அலையாக, ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தாழ்ந்து இறங்கும் கோடு. அன்னாவுக்கு வைத்தியம் பார்க்கும் லுவோவ் என்ற டாக்டரைப் பற்றி அவர் சொல்வது இன்னும் முக்கியம். லுவோவ் நேர்மையானவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மனிதரையும் பார்த்த உடனே நல்லவன், கெட்டவன் என்று சீட்டு ஒட்டிவிடுகிறவர். இவானோவ் அயோக்கியர், லுவோவ் உத்தமர் என்ற எண்ணத்தோடு பார்வையாளர்கள் வீட்டுக்குப் போனால் தன் நாடகம் தோற்றுவிட்டதாகப் பொருள் என்கிறார் செகாவ்.

இதைப் படித்தபோது வெள்ளி இரவு நான் மேடையில் கண்ட லுவோவ் கண்முன் வந்தார். அந்த நடிகர் லுவோவைக் கேலிப்பொருளாக்கவில்லை. அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மைதான். அன்னாவின் மேல் அக்கறை காட்டும் ஒரே ஆளும் அவர்தான். ஆனால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அன்னாவின் முகம் இன்னும் கொஞ்சம் வாடுகிறது. என் கணவர் அற்புதமான மனிதர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை நீங்கள் அறியாமல் போனீர்களே என்று அவள் அந்த டாக்டரிடம் சொல்கிறாளே, அந்த இடத்தில் மட்டும் அவள் நோயாளியாகத் தெரியவில்லை. நேர்மையால் ஒருவரைக் கொல்ல முடியும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மழை விட்ட பிறகு டன்யூப் கரைக்குப் போய்ச் செருப்புகளைப் பார்த்துவிட்டு வந்தேன். 2005இல் நிறுவியவை. சிலவற்றில் யாரோ பூ வைத்திருந்தார்கள். குழந்தைகளின் செருப்பும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

திங்கள்

கபோஷ்வார் போய் வந்துவிடலாம் என்று திடீரென்று தோன்றியது. புடாபெஸ்டின் தென்மேற்கே சுமார் இருநூறு கிலோமீட்டர். ரயில் போகும் வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள்.

ஷாம்பேகி வந்தது இந்த ஊரிலிருந்துதான் என்று வியாழக்கிழமை எழுதியிருந்தேன். ஆஷரும் 1970களில் இங்கேதான் வேலையைத் தொடங்கினார். ஊர் நடுவே சிகி கெர்கெய் பெயரிலான நாடக அரங்கு, 1911இல் கட்டியது, அலங்கார வளைவுகளோடு ஒரு பெரிய மாளிகைபோல் நிற்கிறது. ஒரு சிறிய மாவட்டத் தலைநகருக்கு இவ்வளவு பெரிய அரங்கா என்று வியப்பாக இருந்தது. தலைநகரின் கண்காணிப்பு இங்கே அவ்வளவாக எட்டவில்லை. இளைஞர்கள் வருவார்கள், பரிசோதனை செய்வார்கள், புடாபெஸ்டிலிருந்து ரசிகர்கள் ரயில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 1981இல் யானோஷ் ஆச் இங்கே இயக்கிய, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய 'மாரா/சாட்' நாடகத்தின் முடிவில், 1956 சண்டை நடந்த கோர்வின் சந்தின் படம் பின்னணியில் தெரிந்தது. 1956ஐப் புரட்சி என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் அது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அரங்கிலிருந்து சற்று நடந்து நிலையத்துப் பக்கம் திரும்பும் தெருவில், நகராட்சி அலுவலகமா மண்டபமா என்று தெரியாத ஒரு கட்டடம். கதவு திறந்திருந்தது. உள்ளே முதியவர்கள் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சுவர், இடுப்பளவுக்குப் பச்சை எண்ணெய் வர்ணம், அதற்கு மேலே சுண்ணாம்பு. ஓரத்தில் அடுக்கி வைத்த நாற்காலிகள். அந்த ஆசிரியை சொன்ன நிறம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டேன். ஆஷரும் கெல்லும் தங்கள் கூடத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரி ஊரில் பல ஆண்டுகள் இரவு ஒத்திகை முடித்து வீடு திரும்பிய ஒருவருக்கு, செகாவின் மாவட்டத்தை ருஷ்யாவில் போய்த் தேட வேண்டியிருந்திருக்காது.

பின்னாளில் ஆஷர் செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தை சிட்னியில், கேட் பிளாஞ்செட் நடிக்க, 2010இல் இயக்கினார். மேடை அங்கேயும் கெல்தான். அது வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. உலகப் புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு செய்த அந்தத் தயாரிப்பைப் பற்றி நல்லதாகவே படித்திருக்கிறேன், பார்க்கக் கிடைத்தால் விடமாட்டேன். ஆனாலும் கடோனாவில் கைப்பையைத் திறந்து மூடிய பெண்மணியைப் போன்ற ஒருவரை, சில வாரங்களுக்கு ஒன்றுகூடிப் பிரியும் குழுவால் உருவாக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்குப் பல ஆண்டுகள் ஒரே சமையலறையில் தேநீர் குடித்திருக்க வேண்டும், ஒருவர் இருமுவது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அரசு அதற்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் உட்கார்ந்து பார்த்தேன்.